ஒரே லெட்சுமியா, இரண்டு லெட்சுமியா? மலையக வைத்தியசாலை மென்பொருட்களில் நோயாளர் அடையாளப் பரிமாற்றத்தைச் சோதிக்கும் முழுமையான வழிகாட்டி

தோட்ட டிஸ்பென்சரியில் லெட்சுமிக்கு ஓர் எண் கொடுக்கிறார்கள். டிக்கோயா ஆதார வைத்தியசாலையின் கிளினிக் கொப்பியில் அவருக்கு வேறோர் எண். நுவரெலியா மாவட்டப் பொது வைத்தியசாலைக்கு அனுப்பினால் மூன்றாவது எண் வந்துவிடும். மூன்று இடத்துக் கணனிகளும் ஒன்றோடொன்று பேசும் என்று மென்பொருள் விற்பவர் உறுதி தருவார். பேசும்தான். மூன்றும் ஒரே லெட்சுமியைப் பற்றித்தான் பேசுகின்றனவா என்பது சோதித்தால்தான் தெரியும். அந்தச் சோதனையைத் தான் இணக்கச் சோதனை என்கிறோம்: மென்பொருள் ஒரு நியமத்தின்படி நடக்கிறதா என்று செய்தி செய்தியாக, புலம் புலமாகப் பார்ப்பது.

இரண்டு பேர் ஐந்து வேலைநாளில் இதை முடிக்கலாம். அதில் ஒன்றரை நாள் சோதனை ஆட்களை எழுதுவதற்கே போகும், போகவும் வேண்டும். துப்புரவான பெயர், முழுப் பிறந்த திகதி, சரியான அடையாள அட்டை எண் என்று பத்துப் பேரை வைத்து ஓட்டினால் எந்த மென்பொருளும் சித்தியடையும். தோட்டப் பதிவேட்டில் இருப்பதைப் போன்ற தரவைக் கொடுத்தால்தான் அதன் உண்மை முகம் தெரியும்.

முதலில் வேடங்களைப் பிரியுங்கள்

ஐ.எச்.ஈ எனும் சர்வதேச அமைப்பின் ‘பிக்ஸ்’ நியமத்தில் மூன்று வேடங்கள் உள்ளன. நோயாளரைப் பதிந்து செய்தி அனுப்புவது ‘மூலம்’ என்ற வேடம். எந்த எண் எந்த எண்ணோடு சேரும் என்று கோத்து வைத்திருப்பது மையப் பதிவகம். ‘இந்த எண்காரருக்கு உங்களிடம் வேறு எண் உண்டா?’ என்று கேட்பது நுகர்வோன். ஒரே மென்பொருள் இரண்டு வேடம் போடலாம். ஆனால் ஒவ்வொரு வேடத்துக்கும் தனித் தாளில் தனிச் சோதனை வேண்டும். மூலமாகச் சித்தியடைந்ததை வைத்து நுகர்வோனுக்கும் சேர்த்துச் சான்றிதழ் கேட்பது வழமையான தந்திரம், இடம் கொடுக்காதீர்கள்.

வைத்தியசாலை மென்பொருட்கள் செய்தி பரிமாறும் நியமமான எச்.எல்.7இன் இரண்டாம் பதிப்புச் செய்திகள் என்றால் பார்க்க வேண்டிய பரிவர்த்தனைகள் இவை: அடையாளம் அனுப்புதல் ஐ.டி.ஐ-8, எண் கேட்டல் ஐ.டி.ஐ-9, மாற்றத்தை அறிவித்தல் ஐ.டி.ஐ-10, பெயர் விவரத்தால் தேடுதல் ஐ.டி.ஐ-21. எச்.எல்.7இன் புதிய, இணையவழி நியமமான ‘ஃபயர்’ வழியில் அனுப்புதல் ஐ.டி.ஐ-104, எண் கேட்டல் ஐ.டி.ஐ-83, தேடுதல் ஐ.டி.ஐ-78. எது உங்கள் ஒப்பந்தத்தில் இருக்கிறதோ அதை மட்டும் தாளில் எழுதுங்கள்.

எண்ணுக்கும் ஓர் ஊர் உண்டு

1047 என்ற எண் டிஸ்பென்சரியிலும் இருக்கும், டிக்கோயாவிலும் இருக்கும். இரண்டும் வேறு வேறு ஆட்கள். அதனால் எண்ணைத் தனியே அனுப்பக்கூடாது, வழங்கிய இடத்தின் அடையாளத்தோடு சேர்த்தே அனுப்ப வேண்டும். எச்.எல்.7 செய்தியில் இது பி.ஐ.டி எனும் நோயாளர் விவரப் பகுதியின் மூன்றாம் புலம், அதாவது பி.ஐ.டி-3: முதற்கூறு எண், நான்காம் கூறு வழங்கிய இடம், ஐந்தாம் கூறு எண்ணின் வகை. நான்காம் கூறுக்குள்ளே மூன்று உட்கூறுகள் உண்டு: இடத்தின் குறும்பெயர், உலகளாவிய குறியீடு, அந்தக் குறியீட்டின் வகை.

சோதனைக்கு 2.999 என்று தொடங்கும் குறியீடுகளைப் பாவியுங்கள். அந்தக் கிளை உதாரணங்களுக்கென்றே சர்வதேச அளவில் ஒதுக்கப்பட்டது. டிஸ்பென்சரிக்கு 2.999.1, ஆதார வைத்தியசாலைக்கு 2.999.2, மாவட்ட வைத்தியசாலைக்கு 2.999.3, தேசிய அடையாள அட்டைக்கு 2.999.4, தனிநபர் சுகாதார எண்ணுக்கு 2.999.5 என்று ஒரு பட்டியல் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். சோதனையில் வரும் பிழைகளில் பெரும்பங்கு இங்கேதான் பிறக்கும்: அனுப்புபவர் குறும்பெயரை மட்டும் நிரப்பியிருப்பார், பதிவகம் குறியீட்டை மட்டும் பார்க்கும். அல்லது ஒரு பக்கம் பெரிய எழுத்து, மறுபக்கம் சிறிய எழுத்து. இரண்டுமே எழுத்துக்கெழுத்து ஒத்துப்போக வேண்டும்.

சோதனை ஆட்களை எழுதுதல்

நாற்பது பேர் போதும். உண்மையான நோயாளர் ஒருவரின் விவரத்தைக்கூட எடுக்க வேண்டாம், பெயரை மாற்றி எடுக்கவும் வேண்டாம். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் சுகாதாரத் தரவை விசேட வகையில் வைத்திருக்கிறது. லயத்து எண்ணும் தகப்பன் பெயரும் தெரிந்தால் அந்தத் தோட்டத்தில் ஆள் யார் என்று சின்னப் பிள்ளைகூடச் சொல்லிவிடும்.

பெயரிலிருந்து தொடங்குங்கள். நம் பக்கத்தில் குடும்பப் பெயர் கிடையாது, தகப்பன் பெயர்தான் முன்னால் நிற்கும். ‘பெருமாள் லெட்சுமி’ சில பதிவில் ‘பெ. லெட்சுமி’ ஆகும். கலியாணத்துக்குப் பின் கர்ப்பிணிப் பதிவு அட்டையில் புருஷன் பெயர் ஏறும். மென்பொருளோ முதற்பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு பெட்டி வைத்திருக்கும். எது எதில் விழும் என்பது பதிபவரின் கையைப் பொறுத்தது. ஆகவே ஒரே பெண்ணுக்கு நான்கு பதிவு எழுதுங்கள்: தகப்பன் பெயர் முன்னால், தகப்பன் பெயர் பின்னால், முதலெழுத்து மட்டும், புருஷன் பெயரோடு.

அடுத்தது எழுத்துக்கூட்டல். லெட்சுமி, லெச்சுமி, லட்சுமி, லக்ஷ்மி எல்லாம் ஒருவராக இருக்கலாம். ஒலிப்பொருத்தம் என்று பல பதிவகங்கள் பாவிப்பது ‘சவுண்டெக்ஸ்’. ஆங்கிலப் பெயர்களுக்காகச் செய்த முறை அது. ஆங்கில எழுத்தில் லக்ஷ்மிக்கும் லெச்சுமிக்கும் அது தருவது எல்-250. நடுவில் ‘டி’ எழுத்து வரும் லெட்சுமிக்கோ எல்-325. மலையகத்தில் அதிகம் எழுதப்படும் வடிவமே வெளியே நிற்கிறது. மறுபக்கம் ராமையா என்ற ஆணும் ராமாயி என்ற பெண்ணும் ஆர்-500 என்று ஒன்றாகிவிடுவார்கள். இந்த இரண்டு சோடிகளும் உங்கள் பட்டியலில் கட்டாயம் இருக்க வேண்டும்.

தமிழ் எழுத்திலேயே பதிவதாயிருந்தால் வேறு தொல்லைகள் வரும். ‘பொன்னம்மா’வின் ‘பொ’ கண்ணுக்கு ஒன்று. உள்ளே அந்த ஒகரக் குறி 3018 என்ற ஒற்றைக் குறியாகவும் இருக்கலாம், 3014உம் 3006உம் சேர்ந்த இரட்டைக் குறியாகவும் இருக்கலாம். யூனிகோட் இயல்பாக்கம், அதாவது இந்த இரு வடிவையும் ஒன்றாக்கும் வேலை, செய்யாத பதிவகத்துக்கு அவர்கள் இரண்டு பொன்னம்மாக்கள். ‘ஸ்ரீ’யையும் இரண்டு விதமாக எழுதலாம், ஆனால் அதை இயல்பாக்கம் ஒன்றாக்காது. பாமினி எழுத்துருவில் தட்டிய பழைய பட்டியலை ஏற்றினால் உள்ளே இருப்பது தமிழே அல்ல, ஆங்கில எழுத்துக் கூளம். முதலில் மாற்றி எடுக்க வேண்டும். இன்னொன்று நீளம். யு.டி.எஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் 3 பைட் எடுக்கும். ‘பாலசுப்பிரமணியம்’ 16 குறி, 48 பைட். தரவுத்தளத்தில் பெயருக்கு 40 பைட் மட்டும் ஒதுக்கியிருந்தால் பதின்மூன்றாம் குறியோடு பெயர் அறுந்து, அரைக் குறி ஒன்று வாலில் தொங்கும். அந்த உடைந்த பைட்டால் அடுத்த மென்பொருள் முழுச் செய்தியையுமே மறுக்கக்கூடும்.

பிறந்த திகதிக்கு வருவோம். பிறப்பு அத்தாட்சிப் பத்திரம் இல்லாத மூத்தவர்களுக்கு ஆண்டு மட்டுந்தான் தெரியும். எச்.எல்.7உம் ஃபயரும் ‘1952’ என்று ஆண்டை மட்டும் எழுத இடம் தருகின்றன. அதை வாங்கி 1952 ஜனவரி 1 என்று தானாக நிரப்பும் மென்பொருள் தோல்வி. நிரப்பினால் என்ன என்று கேட்பார்கள். அதே லயத்தில் அதே ஆண்டுக்காரர் மூன்று மாரியாயிகள் இருந்தால் மூவரும் ஒரே நாளில் பிறந்தவர்களாகி, பதிவகம் மூவரையும் ஒன்றாகக் கட்டிவிடும்.

அடையாள அட்டை எண்ணைத் தனியாகக் கவனியுங்கள். பழையது 9 இலக்கமும் முடிவில் ‘வி’ அல்லது ‘எக்ஸ்’ எழுத்தும். 2016 ஜனவரியிலிருந்து 12 இலக்கம். பழையதைப் புதிய வடிவுக்கு மாற்ற முன்னால் 19 சேர்த்து, ஆண்டும் நாளுமான முதல் ஐந்து இலக்கத்துக்குப் பின்னால் ஒரு சுழியம் நுழைத்து, எழுத்தை விட்டுவிட வேண்டும். ஒருவரைப் பழைய எண்ணோடு டிக்கோயாவிலும் புதிய எண்ணோடு நுவரெலியாவிலும் பதிந்து, இருவரும் சேர்கிறார்களா என்று பாருங்கள்.

எண்ணுக்குள் இருக்கும் நாள் கணக்கு இன்னும் பொல்லாதது. ஆண்டின் எத்தனையாவது நாள் என்ற மூன்று இலக்கம் எல்லா ஆண்டிலும் பெப்ரவரிக்கு 29 நாள் வைத்தே எண்ணப்படுகிறது. பெண்களுக்கு 500 கூட்டுவார்கள். 1985 மார்ச் 1 பிறந்த பெண்ணுக்கு நாட்காட்டிப்படி 60ஆம் நாள். அட்டையில் 61, கூட்டினால் 561. இதை அறியாமல் எழுதிய நிரல் அவரை மார்ச் 2 பிறந்தவர் ஆக்கும். பிறகு பிறந்த திகதி பொருந்தவில்லை என்று அவரை இரண்டாவது ஆளாகப் பதியும். சாதாரண ஆண்டில் மார்ச் 1 முதல் பிறந்த எல்லோருக்கும் இதே கதிதான். சோதனையில் நால்வர் வையுங்கள்: சாதாரண ஆண்டின் பெப்ரவரி 28, மார்ச் 1, லீப் ஆண்டின் பெப்ரவரி 29, மார்ச் 1.

அட்டையே இல்லாதவர்கள் ஐந்து பேராவது வேண்டும். நாடற்றவர்களாக எஞ்சியிருந்தவர்களுக்கு 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம்தான் குடியுரிமை தந்தது என்ற வரலாறுள்ள மண்ணில், அட்டை எண்ணைக் கட்டாயப் புலமாக்கிய மென்பொருள் மூத்தவர்களைக் கதவிலேயே நிறுத்திவிடும். பதிபவர் வரிசையை நகர்த்துவதற்காக மகனின் எண்ணையோ வெறும் ஒன்பதுகளையோ போடுவார். ‘999999999’ என்ற எண்ணோடு இருவரைப் பதிந்து பாருங்கள். இருவரும் ஒன்றானால் சிவப்புக் கோடு.

தனிநபர் சுகாதார எண்ணில் 11 இடங்கள். கடைசி இடம் சரிபார்ப்பு இலக்கம். சரியான எண் இரண்டு, ஓர் இலக்கம் மாறியது ஒன்று, பக்கத்து இலக்கங்கள் இடம் மாறியது ஒன்று கொடுங்கள். பின்னிரண்டும் பதியும் இடத்திலேயே மறுக்கப்பட வேண்டும்.

மீதியை இப்படி நிரப்பலாம்: ஒரே லயக்காம்பராவில் ஒரே பாலினத்து இரட்டைப் பிள்ளைகள், பெயர் வைக்காத சிசு ஒன்று, தாயின் பெயரில் பதிந்தது, ஒரே தொலைபேசி எண்ணில் ஆறு பேர், மேற்பிரிவிலிருந்து கீழ்ப்பிரிவுக்கு வீடு மாறியவர். விலாசத்தில் தோட்டம், பிரிவு, லயம், காம்பரா நான்கும் வர வேண்டும். பி.ஐ.டி-11 புலத்தில் லயமும் காம்பராவும் முதற்கூறு, தோட்டமும் பிரிவும் இரண்டாம் கூறு என்று உங்களுக்குள் முடிவெடுத்து எழுதி வையுங்கள். ஹட்டன் 22000 போன்ற தபாற் குறியீட்டை வைத்து ஆட்களைப் பொருத்துவதில் பயனில்லை. சுற்றுவட்டாரமே அந்த ஒரு குறியீட்டுக்குள் அடங்கிவிடும்.

மேசையை ஆயத்தம் செய்தல்

பாவனையில் உள்ள வலையமைப்பிலிருந்து பிரிந்த ஒரு சுவிட்ச், இரண்டு கணனி, செய்திகளைப் பதிவு செய்ய ‘வயர்ஷார்க்’. எச்.எல்.7க்கு ஒதுக்கிய வலையமைப்பு வாயில் (போர்ட்) எண் 2575. எல்லாக் கணனியின் மணியும் ஒரே நேர வழங்கியைப் பார்க்கட்டும். இல்லாவிட்டால் எது முந்தி வந்தது என்ற சண்டை தீராது. செய்திகளின் வடிவைப் பார்க்க ஐ.எச்.ஈயின் ‘கசெல்’ சோதனைக் கருவிகள் உதவும். ஆனால் கருவி பச்சை காட்டியதும் முடிந்தது என்று எழுந்துவிடாதீர்கள். அது செய்தியின் இலக்கணத்தைத்தான் பார்க்கும், ஆள் சரியா என்பதைப் பார்க்காது.

அனுப்பும் சோதனை

நாற்பது பேரையும் ஏ04 செய்தியால் பதியுங்கள். வார்டில் சேர்த்தவர்களுக்கு ஏ01, திருத்தத்துக்கு ஏ08. ஒவ்வொன்றுக்கும் மூன்றைப் பாருங்கள். சட்டகம் சரியா: தொடக்கத்தில் 11ஆம் குறி, முடிவில் 28உம் 13உம். எழுத்து முறை செய்தித் தலைப்பின் எம்.எஸ்.எச்-18 புலத்தில் யூனிகோட் யு.டி.எஃப்-8 என்று சொல்லியிருக்கிறதா. ஏற்புச் செய்தி ‘ஏஏ’ என்று வந்ததா, அதில் நம் செய்தியின் எண் அப்படியே திரும்பியதா.

பிறகு கேபிளைப் பிடுங்குங்கள். மழைக்காலத்தில் இணைப்பு அறுவது இங்கே அன்றாடம், அதைச் சோதிக்காமல் விட முடியாது. செய்தி போய்ச் சேர்ந்து, ஏற்பு திரும்பும் முன் பிடுங்கினால் அனுப்புபவர் அதே செய்தியை மறுபடி அனுப்புவார். பதிவகம் செய்தி எண்ணைப் பார்த்து, இது பழையது என்று உணர வேண்டும். இரண்டாவது லெட்சுமி உருவானால் தோல்வி. இரண்டு மணி நேரம் இணைப்பு இல்லாமல் முப்பது செய்தி தேங்கினால், மீண்டதும் தேங்கிய வரிசையிலேயே போகின்றனவா என்றும் பாருங்கள். திருத்தம் முன்னாலும் பதிவு பின்னாலும் போனால் பழைய விலாசம் மேலே ஏறிக்கொள்ளும்.

‘இல்லை’ என்பதை எப்படிச் சொல்கிறது?

எண் கேட்கும் சோதனையில் ‘உண்டு’ என்ற பதில் இலகு. பிழைகள் ஒளிந்திருப்பது ‘இல்லை’களில். ஐ.டி.ஐ-9 கேள்விக்கு நிலைமைக்கு ஒரு பதில்தான் சரி.

எண் தெரியும், கேட்ட இடத்திலும் எண் உண்டு: ஏற்பு ‘ஏஏ’, தேடல் நிலை ‘ஓகே’, பி.ஐ.டி-3இல் எல்லா எண்ணும். ஒரே வைத்தியசாலையில் அவருக்கு இரண்டு எண் இருந்தால் இரண்டும் வர வேண்டும், பதிவகம் ஒன்றைத் தெரிந்து அனுப்பக்கூடாது.

ஆளைத் தெரியும், கேட்ட இடத்தில் எண் இல்லை: ‘ஏஏ’, தேடல் நிலை ‘என்எஃப்’ (கிடைக்கவில்லை). இது பிழையல்ல.

எண்ணே தெரியாது: ‘ஏஈ’ (பிழை), பிழைக் குறி 204, பிழை இடம் கேள்விப் பகுதியின் மூன்றாம் புலம்.

கேட்ட இடமே பட்டியலில் இல்லை: இதுவும் ‘ஏஈ’, 204, பிழை இடம் நான்காம் புலம்.

இரண்டாவதையும் மூன்றாவதையும் குழப்பும் மென்பொருள் நிறைய. ‘இவருக்கு நுவரெலியாவில் பதிவு இல்லை’ என்பதும் ‘இவர் யாரென்றே தெரியாது’ என்பதும் வைத்தியருக்கு ஒன்றல்ல. முன்னதில் புதிய எண் எடுக்கலாம். பின்னதில் எண்ணைப் பிழையாகத் தட்டினோமா என்று முதலில் பார்க்க வேண்டும். நுகர்வோன் திரையில் இந்த வேறுபாடு தெரிகிறதா என்றும் பாருங்கள். நான்குக்கும் ஒரே ‘தவறு ஏற்பட்டது’ பெட்டி வந்தால் நியமத்தைக் கடைப்பிடித்தும் பயனில்லை.

ஃபயர் வழியில் இதே நிலைமைகள் வேறு எண்களில் வரும்: கிடைத்தால் 200, கேட்ட இடத்தில் எண் இல்லாவிட்டாலும் 200, வெறுமையான பதிலோடு, நோயாளர் எண் தெரியாவிட்டால் 404, அதை வழங்கிய இடம் தெரியாவிட்டால் 400, கேட்ட இடம் தெரியாவிட்டால் 403.

பெயரால் தேடுதல்

ஐ.டி.ஐ-21இல் பெயர், பிறந்த திகதி, பால், விலாசம் என்று கலந்து தேடலாம். ‘லெட்சுமி’ என்று மட்டும் தேடி, ஐந்து ஐந்தாகத் தா என்று கேளுங்கள். முதல் ஐவரும் தொடர்ச்சிக் குறியும் வர வேண்டும். அந்தக் குறியோடு திரும்பக் கேட்டால் அடுத்த ஐவர், ஒருவரும் இரட்டிக்காமல். ஒருவரும் பொருந்தாவிட்டால் ‘ஏஏ’யும் ‘என்எஃப்’உம், பிழைச் செய்தி அல்ல. தமிழில் தேடி ஆங்கிலத்தில் பதிந்தவர் கிடைக்க வேண்டும் என்று நியமம் சொல்லவில்லை. உங்கள் ஒப்பந்தம் சொல்ல வேண்டும்.

சேர்த்தல்: அதிகம் உடையும் இடம்

ஒரே இடத்தில் ஒருவருக்கு இரண்டு எண் விழுந்துவிட்டால் ஏ40 செய்தியால் சேர்ப்பார்கள். நிலைக்கும் எண் பி.ஐ.டி-3இல், மறையும் எண் சேர்த்தல் பகுதியின் எம்.ஆர்.ஜி-1 புலத்தில். தலைகீழாக அனுப்பும் மென்பொருட்கள் உண்டு. அப்போது கிளினிக் கொப்பியில் எழுதிய எண் செத்து, எங்கும் எழுதாத எண் வாழும். இரண்டும் ஒரே இடத்தின் எண்களாக இருக்க வேண்டும். டிக்கோயா எண்ணை நுவரெலியா எண்ணுக்குள் சேர்க்கச் சொல்லி அனுப்பிப் பாருங்கள், பதிவகம் மறுக்க வேண்டும்.

சேர்த்தபின் மாவட்ட எண்ணை வைத்துக் கேட்டால் நிலைத்த எண் மட்டும் வர வேண்டும். பதிவகம் பொருத்த விதிகளையும் மறுபடி ஓட்ட வேண்டும். மறைந்த பதிவில் இருந்த அடையாள அட்டை எண்ணால் இன்னொரு வைத்தியசாலைப் பதிவு இப்போது புதிதாகச் சேரக்கூடும். மாற்ற அறிவிப்புக்குப் பதிந்துள்ள நுகர்வோனுக்கு ஐ.டி.ஐ-10 போனதா என்பதைக் கடைசியாகப் பாருங்கள். ஃபயரில் மறையும் பதிவு செயலற்றதாக மாறி, நிலைக்கும் பதிவைச் சுட்டும் இணைப்பைத் தாங்க வேண்டும். பதிவையே அழித்துவிட்டால் தோல்வி.

இரட்டைப் பிள்ளைகளைத் தவறாகச் சேர்த்துவிட்டு, பிரிக்க வழி கேளுங்கள். ஒருவரை இருவராகப் பதிந்தால் மருந்து வரலாறு பாதி தெரியாமல் போகும். இருவரை ஒருவராக்கினால் அண்ணனின் இரத்த வகை தம்பிக்கு ஏறும். ஆகவே பொருத்தம் அரைகுறையாக இருக்கும்போது தானாகச் சேர்க்காமல் மனிதர் பார்வைக்கு ஒதுக்கி வைக்கும் வரிசை ஒன்று மென்பொருளில் இருந்தே ஆக வேண்டும். அந்த வரிசையைத் தினமும் பார்ப்பவர் யார் என்பதையும் பெயர் குறித்து எழுதிக்கொள்ளுங்கள்.

பதிவும் விடுவிப்பும்

ஒவ்வொரு சோதனைக்கும் அனுப்பிய செய்தி, வந்த செய்தி, வயர்ஷார்க் பதிவு, திரையின் படம் நான்கையும் ஒரே கோப்புறையில் வையுங்கள். முடிவு சித்தி, தோல்வி, நடத்த முடியவில்லை என்ற மூன்றில் ஒன்று. ‘பெரும்பாலும் சரி’ என்று ஒன்று கிடையாது. மென்பொருளில் சிறு திருத்தம் வந்தாலும் சேர்த்தல் சோதனையையும் எண் கேட்கும் நான்கு சோதனைகளையும் மறுபடி ஓட்டுங்கள். அரை நாள் வேலைதான்.

பாவனைக்கு விடும் அன்று காலை, 2.999.1 குறியீட்டோடு ஒரு சோதனை லெட்சுமியை உண்மையான பதிவகத்துக்கு அனுப்புங்கள். ‘ஏஈ’ வர வேண்டும். ‘ஏஏ’ வந்தால் தெரியாத இடத்து எண்ணையெல்லாம் அது ஏற்கிறது என்று அர்த்தம். அந்த லெட்சுமியை நீக்கி, வழங்கும் இடங்களின் பட்டியலைப் பூட்டும் வரை டிஸ்பென்சரிகளை இணைக்க வேண்டாம்.